மாரிக்கு முன் மைதானத்துப் புல்: கோல்ஃப் திடல்காரரிடம் கேட்டுப் பார்ப்போமா?

திடல்மாஸ்டர்:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் மைதானத்தில் இருப்பது நாட்டு அறுகம்புல். கோடை முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஒருமாதிரிப் பச்சையாக வைத்திருக்கிறோம். ஐப்பசியில் மழை பிடித்தால் நிலைமை மாறிவிடும். மார்கழி முடிவதற்குள் இரண்டு கோல் வாசலும் நடுவட்டமும் வெறும் சேறு. தை பிறந்த கையோடு பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டிக்கு, அதாவது ஓட்டம் பாய்ச்சலுக்கு, பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். அதன் பின் கிரிக்கெட் பருவம். வெயில் ஏறியபிறகு வெறுந்தரையில் புல் நடுகிறோம், அடுத்த மாரியில் அதே இடங்கள் திரும்பவும் போகின்றன.

கடும்பனி பெய்யும் நாடுகளில் மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்த புல்லைச் சித்திரையில் பச்சையாக வெளியே எடுக்கிறார்கள் கோல்ஃப் திடல்காரர். அது எப்படி? அவர்கள் செய்வதில் நமக்கு உதவக்கூடியது ஏதும் உண்டா? கனடாவில் அந்த வேலை செய்யும் அண்ணை ஒருவர் இங்கே எழுதுவார், அவரும் பார்த்தால் நல்லது. மழை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இப்போது என்ன செய்யலாம் என்பதுதான் என் கேள்வி.

இடதுபின்காவல்:
மாஸ்டர், அறுகை விட்டுவிட்டு மலேசியப் புல் பதியுங்கள். எங்கள் ஊர் மண்டபத்து முற்றத்தில் பதித்தார்கள், மழைக்கும் நல்ல பச்சை.

செம்மண்தோட்டம்:
முற்றத்தில் யாரும் பூட்ஸ் போட்டு ஓடுவதில்லையே தம்பி. மலேசியப் புல் நிழலுக்கும் ஈரத்துக்கும் நிற்கும், மிதிக்கு நிற்காது. அறுகு மண்ணுக்கு மேலும் ஓடும், கீழேயும் ஓடும். மேலே கிழிந்தாலும் கீழே கிடக்கும் தண்டிலிருந்து திரும்ப வரும். சூடான நாடுகளில் கோல்ஃப் திடலும் கிரிக்கெட் மைதானமும் பெரும்பாலும் அறுகிலும் அதன் கலப்பினங்களிலும்தான் நிற்கின்றன. கோப்பாயில் என் தோட்டத்தில் அறுகைக் களைய வருடம் முழுக்க மல்லுக்கட்டுகிறேன், போகாது. அப்படிப்பட்ட புல் உங்கள் மைதானத்தில் சாகிறதென்றால் பிழை புல்லில் இல்லை, மண்ணில் தேடுங்கள்.

ஸ்காபரோவாசி:
மாஸ்டர், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு கோல்ஃப் திடலில் புல் பராமரிப்புக் குழுவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கொக்குவில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்காலத்தில் புல்லைக் கொல்வது குளிர் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். காற்று மைனஸ் 20 பாகைக்குப் போனாலும் நல்ல தடிப்பான வெண்பனிக்குக் கீழே மண் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரை இந்த நாட்டுப் புல் தாங்கும். தாங்காதது தண்ணீர். நடுக்குளிர்காலத்தில் ஓரிரு நாள் வெப்பம் ஏறிப் பனி உருகினால் பள்ளமான இடங்களில் தண்ணீர் தேங்கும். புல்லின் குருத்து, அதாவது வேரும் இலையும் பிரியும் அந்தச் சிறு முடிச்சு, தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும். அன்றிரவே திரும்ப உறைந்தால் உள்ளே இருக்கும் கலங்கள் கிழிந்து போகும். பங்குனியில் பார்க்கும்போது புல் பச்சையாகத்தான் தெரியும். வெயில் பட்டதும் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று பனிக்கட்டித் தகடு. தேங்கிய தண்ணீர் அப்படியே உறைந்து மூடினால் கீழே புல்லும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டு ஒட்சிசனை முடித்துவிடும். காபனீரொட்சைட்டும் வேறு நச்சு வாயுக்களும் வெளியேற வழியில்லாமல் அடைபடும். கிறீனில், அதாவது குழி இருக்கும் அந்த மிக நெருக்கமாக வெட்டிய பகுதியில், இங்கே இரண்டு வகைப் புல் இருக்கும். பென்ட் புல் கட்டிக்குக் கீழே 120 நாள்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். தானாக வந்து புகுந்துவிடும் போவா புல் 45 முதல் 60 நாளுக்குள் போய்விடும். அதனால் கட்டி எத்தனை நாள் கிடக்கிறது என்று நாட்காட்டியில் குறித்து வைப்போம். நாள் கூடினால் மேலே கறுப்பு மணல் தூவி வெயிலைப் பிடிக்கவைத்து உடைப்போம். உடைக்கும்போது புளித்த நாற்றம் மூக்கில் அடித்தால் கீழே புல்லுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும்.

இதற்கான வேலை எல்லாம் பனி விழுமுன்னே முடிந்துவிட வேண்டும். இலையுதிர்காலத்தில் வெட்டும் உயரத்தைக் கூட்டுவோம், அப்போதுதான் இலை வெயிலைப் பிடித்து வேருக்குச் சேமிப்பு அனுப்பும். மண்ணில் துளையிட்டு மணல் நிரப்புவோம். தண்ணீர் தேங்கும் பள்ளங்களுக்கு வடிகால் கீறுவோம். நைதரசனைக் குறைத்துவிடுவோம், கடைசி நேரத்தில் கொழுத்து வளரும் இளம்புல் முதலில் சாகும். நிரந்தரப் பனி விழுவதற்குச் சற்று முன் பங்கசுநாசினி ஒருமுறை அடிப்போம், பனிக்கு அடியில் புல்லை அழுகவைக்கும் பனிப்பூஞ்சணத்துக்காக. நீர்ப்பாசனக் குழாய்களில் கம்பிரசர் வைத்துக் காற்று ஊதி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெளியேற்றுவோம். காற்று அறையும் மேடுகளில் புல் காய்ந்து போகாமல் துணி விரிப்போம். பனி விழுந்தபின் நாங்கள் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

உங்கள் மைதானத்தில் பனி இல்லை. தண்ணீர் இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நுவரெலியாக்குளிர்:
மாஸ்டர், நான் நுவரெலியா. 1889 இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் எங்கள் ஊரில் இருக்கிறது. இலங்கையில் புல்மேல் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் எங்கள் பக்கம்தான் வரவேண்டும். வானம் தெளிவாக இருந்து காற்றும் அடங்கிய இரவென்றால் விடியும்போது புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரம் அதன்மேல் கால் வைக்கக்கூடாது என்று அப்பா சின்ன வயதிலேயே சொல்லித்தந்தார். மிதித்த உடனே ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு பார்த்தால் நடந்த வழி முழுக்கக் காலடி காலடியாகக் கறுத்திருக்கும். இலைக்குள் உறைந்த தண்ணீர் மிதிபட்டு உள்ளே குத்திக் கிழித்துவிடுகிறது. பனி உருகும்வரை காத்திருந்தால் அதே புல்லுக்கு ஒன்றும் ஆகாது. காத்திருக்க வேண்டியது காலையில் கொஞ்ச நேரம்தான்.

உங்கள் ஊரில் உறைபனி வராது. ஆனால் நனைந்த மண்ணை மிதிப்பதும் அதே கணக்குத்தானே? மழை விட்ட உடனே பிள்ளைகளை இறக்காமல் ஒரு நாள் பொறுத்தால்?

விவசாயபீடம்:
நுவரெலியாத் தம்பி சொன்னது சரி. கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படித்தவள் நான், மண் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் துளைகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பினால் வேர் மூச்சுத் திணறும். ஸ்காபரோ அண்ணை சொன்ன பனிக்கட்டித் தகட்டுக்குக் கீழே நடப்பதும் உங்கள் கோல் வாசலில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே மூடுவது கட்டி, இங்கே தண்ணீர். நமது மண் சூடாக இருப்பதால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும், ஒட்சிசன் இன்னும் கெதியாக முடியும்.

வலிகாமத்துச் செம்மண் தண்ணீரை நன்றாக உள்ளே விடும் மண். கீழே சுண்ணாம்புக்கல், தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அந்த மண்ணில் தண்ணீர் நிற்கிறதென்றால் மேற்பரப்பு இறுகிவிட்டது என்று அர்த்தம். காய்ந்த மண்ணை ஆயிரம் பேர் மிதித்தாலும் அவ்வளவு இறுகாது. நனைந்த மண்ணை ஒரு மாலை முழுக்க உதைபந்தாட்டம் ஆடினால் போதும், துளைகள் எல்லாம் அமுங்கிவிடும். அதற்குமேல் ரோலரும் உருட்டினால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மார்கழியில் இங்கே குளிர் என்று சொல்கிறோமே, இரவில்கூட அறுகு தூங்கும் அளவுக்கு மண் குளிராது. மண் 10 பாகைக்குக் கீழே போனால்தான் அறுகு பழுத்து உறங்கும். நமது அறுகு மாரியில் விழித்துத்தான் இருக்கிறது, ஆனால் முகில் மூட்டத்தால் வெயில் இல்லை. அறுகு வெயிலுக்கே பிறந்த புல். நிழலில் இலை நீண்டு மெலிந்து நிற்கும், கிழிந்த இடத்தை ஆற்ற அதனிடம் சத்து இருக்காது. ஆகவே மழைக்காலத்தில் ஏற்படும் காயம் அப்படியே நின்றுவிடும்.

மாஸ்டர், ஒரு வேலை செய்யுங்கள். அரை அங்குல ஜீ.ஐ. குழாயை ஒரு முழம் வெட்டி, நுனியை உட்பக்கமாகச் சாய்த்து அராவிக் கூராக்குங்கள். கோல் வாசலில் ஒரு குத்து, மைதானத்தின் மூலையில் யாரும் மிதிக்காத இடத்தில் ஒரு குத்து. குழாய்க்குள் வரும் மண்ணைத் தள்ளி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய_விக்கெட்காப்பாளர்:
எங்கள் காலத்தில் இவ்வளவு தண்ணீர் மைதானங்களில் நின்றதில்லை. மழை கூடியதல்ல காரணம். சுற்றிவர மதில். முன்பெல்லாம் வேலி, தண்ணீர் தன் பாட்டுக்கு ஒழுங்கைக்கு ஓடும், ஒழுங்கையிலிருந்து குளத்துக்குப் போகும். இப்போது மைதானத்துக்கும் மதில், பக்கத்து வீட்டுக்கும் மதில், வெள்ளவாய்க்காலுக்கு மேலே கடை, குளத்தில் பாதி நிரவியாயிற்று. 2008 இல் நிஷா புயலின்போதும் 2020 இல் புரெவி வந்தபோதும் நகரம் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்லூர்க் கோயிலுக்குள்ளும் 2020 இல் வெள்ளம் புகுந்தது. மாஸ்டர், உங்கள் மைதானத்து மதிலில் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா?

திடல்மாஸ்டர்:
மதிலில் ஓட்டைகள் இருக்கின்றன ஐயா. உங்கள் பதிவைப் பார்த்துப் போய்த் தேடினோம். வடக்குப் பக்க மதிலின் அடியில் நாலு ஓட்டை, எல்லாம் குப்பையும் மண்ணும் அடைத்துப் புல் மூடிக் கிடந்தது. உழவாரத்தால் செதுக்கித் துப்புரவாக்கிவிட்டோம். வெளியில் இருக்கும் வாய்க்காலைத் துப்புரவாக்கச் சபைக்குக் கடிதம் கொடுக்க அதிபர் சம்மதித்திருக்கிறார்.

விவசாயபீடத் தங்கை சொன்ன குழாய்ப் பரிசோதனையும் செய்தோம். மூலையில் எடுத்த மண் குழாயிலிருந்து வெளியே விழும்போதே உதிர்ந்துவிட்டது. சிவப்பு, நல்ல பொருபொருவென்று, வேர் அடிவரை போயிருந்தது. கோல் வாசலில் குழாயை இறக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. மேல் இரண்டு அங்குலம் சாணி மெழுகிய தரை மாதிரி வழவழவென்று இறுகியிருக்கிறது. நகத்தால் கீறினால் மினுங்குகிறது. அதற்குள் பழைய மணல் ஒரு படையாகக் கிடக்கிறது, போன வருடங்களில் சேற்றை மூடக் கொட்டியது. அந்த மணற்படைக்கும் கீழ்மண்ணுக்கும் இடையில் கறுப்பாக ஒரு கோடு, முகர்ந்தால் கூழ்முட்டை நாற்றம். வேர் ஒன்றுகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அதற்குக் கீழே உள்ள மண் மூலையில் இருப்பது போலவே நல்ல சிவப்பு. பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

விவசாயபீடம்:
அந்தக் கறுப்புக் கோடுதான் விஷயம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பக்ரீரியாக்கள் மண்ணில் உள்ள சல்பேற்றைப் பிடித்து ஐதரசன் சல்பைட்டு வாயுவாக்கும். நாற்றம் அதிலிருந்து வருகிறது. அந்த வாயு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. வேருக்கு அது நஞ்சு. மணலால் கட்டிய கோல்ஃப் கிறீன்களிலும் வடிகால் கெட்டுப்போனால் இதே கறுப்புப் படை வரும்.

மணலைச் சேற்றுக்கு மேலே கொட்டுவதை நிறுத்துங்கள். இறுகிய களிக்கு மேலே மணலைப் படையாகப் போட்டால் தண்ணீர் மணலுக்குள் தேங்கி நிற்கும், கீழே இறங்காது. மணல் போக வேண்டியது துளைக்குள். குழாயால் குத்தி மண்ணை வெளியே எடுத்து, அந்தத் துளையை மணலால் நிரப்பி, இறுகிய படையைத் தாண்டி நல்ல மண்ணைத் தொட வைக்க வேண்டும். ஒரு முழத்துக்கு ஒரு துளை என்று நினைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளியில் நெருக்கமாகக் குத்த வேண்டும். முழு மைதானத்துக்கும் தேவையில்லை. கோல் வாசல்களும் நடுவட்டமும் போதும்.

இடதுபின்காவல்:
அலவாங்கால் குத்தினால் போதாதா அக்கா? குழாய் அடைத்துக்கொள்ளுமே.

விவசாயபீடம்:
அலவாங்கு மண்ணை எடுக்காது, பக்கத்துக்குத் தள்ளும். துளையின் சுவர் இன்னும் இறுகும். வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. குழாயின் பக்கவாட்டில் நுனிக்குச் சற்று மேலே நீளமாக ஒரு வாய் வெட்டினால் அடைத்த மண் ஒவ்வொரு குத்துக்கும் தானே வெளியே விழும். நாலு குழாயை ஒரு இரும்புச் சட்டத்தில் ஒட்டி, மேலே மிதிக்க ஒரு கட்டையும் பிடிக்க ஒரு கைபிடியும் வைத்துத் தரச்சொல்லி ஒட்டுப்பட்டறையில் கேளுங்கள். மண் இலேசாக ஈரமாக இருக்கும்போது குத்துங்கள். முதல்நாள் மாலை தண்ணீர் விட்டால் சரி.

செம்மண்தோட்டம்:
மணல் விஷயத்தில் கவனம் மாஸ்டர். கடல்மணலை மலிவென்று ஏற்றிக்கொண்டு வந்து கொட்டிவிடாதீர்கள். உப்பும் சிப்பியும் இருக்கும். நமது மண்ணுக்கு ஏற்கெனவே சுண்ணாம்பு கூட, சிப்பியும் சேர்ந்தால் புல் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் மஞ்சளடிக்கும். அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலையே வாங்குங்கள். துளைக்கு மட்டும் என்றால் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் நிறைய இடம் முடிக்கலாம்.

பசளை பற்றியும் ஒரு சொல். மழை வருகிறது, புல் பிடிக்கட்டும் என்று யூரியாவை அள்ளி வீசுவார்கள். வேண்டாம். ஸ்காபரோத் தம்பி சொன்ன அதே காரணம், மெல்லிய புல் வளர்ந்து பங்கசு பிடிக்கும். அதைவிடப் பெரிய காரணம் நமது கிணறு. சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணில் போட்ட யூரியா மழையோடு நைத்திரேற்றாக இறங்கி நேரே குடிதண்ணீருக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போனதற்கு எங்கள் தோட்டங்களும் காரணம், அதை மைதானத்தாலும் கூட்ட வேண்டியதில்லை. புரட்டாசியில் கொஞ்சம் பொட்டாசியம் போடுங்கள், மக்கிய மாட்டெரு அரித்துத் தூவுங்கள். தை நடுவில் வெயில் வந்தபின் யூரியாவைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஸ்காபரோவாசி:
குழாயின் படம் போட்டிருந்தால் எங்கள் குழுவுக்குக் காட்டியிருப்பேன். அந்தக் கறுப்புக் கோடு எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த எதிரி.

வெட்டும் உயரத்தையும் இப்போதே கூட்டத் தொடங்குங்கள். கிரிக்கெட்டுக்காக ஒட்ட வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றரை அங்குலம்வரை விடுங்கள். மழைக்காலத்தில் இடையில் வெட்ட வேண்டி வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது, கனமான மெஷினை ஈரத்தில் இறக்கவும் கூடாது. மெஷினின் கத்தி கூராக இருக்கிறதா பாருங்கள். மொட்டைக் கத்தி இலையைப் பிய்க்கும், பிய்ந்த நுனியால்தான் பங்கசு நுழையும்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனித்துளி புல்லில் நெடுநேரம் நிற்கும் அல்லவா? இங்கே காலையில் நீளக் கயிறு ஒன்றை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துப் புல்மேல் இழுத்துக்கொண்டு நடப்போம். துளி உதிர்ந்து இலை கெதியாகக் காயும். பங்கசு நாசினி வாங்கக் காசு செலவழிக்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் விரும்பாத ஒன்று. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் மைதானத்தைப் பூட்டிவிடுங்கள்.

இடதுபின்காவல்:
அண்ணை, இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோல்ஃப் திடலுக்கு வருபவருக்குக் குளிர்காலத்தில் வேறு பொழுதுபோக்கு இருக்கும். எங்கள் பெடியளுக்கு அந்த மைதானத்தை விட்டால் தெரு. மழை விட்ட மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு வருபவனை வாசலில் பூட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினால் அவன் எங்கே போய் நிற்பான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புல் செத்தால் திரும்ப நடலாம். நான் சேற்றில் ஆடித்தான் ஆட்டம் பழகினேன்.

பழைய_விக்கெட்காப்பாளர்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மைதானம் பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் பங்குனியில் கட்டாந்தரையில் பாய்ந்து பந்து பிடித்து முழங்கை உரிந்தவனும் அதே பிள்ளைதான். வெறுந்தரையில் விழுந்து தோள் விலகியவர்களை எனக்குத் தெரியும். புல் அழகுக்கு மட்டும் இல்லை.

ஸ்காபரோவாசி:
இடதுபின்காவல் தம்பி, உங்கள் கோபம் சரியானது. முழுக்கப் பூட்டுங்கள் என்று நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். குளிர்காலத்திலும் ஆட்டம் நடக்கும் திடல்களில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல கிறீனை மூடிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள சாதாரணப் புல்வெளியில் ஒரு வட்டத்தை வெட்டித் தற்காலிகக் குழி போடுவார்கள். ஆட்டமும் நிற்காது, கிறீனும் பிழைக்கும். உங்கள் கோல் கம்பங்கள் தூக்கி நகர்த்தக்கூடியவையா? மாரிக்கு மட்டும் ஆடுகளத்தைக் குறுக்காகத் திருப்பி, சிறியதாக்கி, மேடான பக்கத்தில் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலை நாலைந்து யார் தூரம் தள்ளி வையுங்கள். மிதி பகிர்ந்து போகும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய நிற்கும் நாளில் மட்டும் யாரும் இறங்கக்கூடாது.

இடதுபின்காவல்:
அதற்குச் சம்மதம். கம்பம் தூக்க நாங்களே வருவோம்.

நுவரெலியாக்குளிர்:
தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு காலாலும் ஒருதரம் பாருங்கள். குதிக்காலை அழுத்தித் திருப்பினால் தண்ணீர் சுரந்து மேலே வந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம், மாஸ்டர் காவல் நிற்கத் தேவையில்லை.

பழைய_விக்கெட்காப்பாளர்:
இழையை விட்டு ஒரு கேள்வி, மன்னிக்கவும். மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் வேலை தொடங்கினார்களே. கடல்நீரேரி சூழ்ந்த தாழ்வான நிலம். அங்கே மாரியில் அறுகு நிற்குமா?

விவசாயபீடம்:
மைதானத்தை உயர்த்தி மணலும் சல்லியும் குழாயும் போட்டு வடிகால் அமைத்தால் நிற்கும். கோல்ஃப் கிறீன்களுக்கு அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் சொல்லும் அளவு 30 சென்ரிமீற்றர் மணற்கலவை, அதற்குக் கீழே 10 சென்ரிமீற்றர் சல்லி, அதற்கும் கீழே குழாய். உப்புத்தான் பெரிய கேள்வி. மாரியில் மழை உப்பைக் கழுவிவிடும், கோடையில் அது திரும்ப மேலே ஏறும். கடலோரக் கோல்ஃப் திடல்கள் பலவற்றில் அறுகுக்குப் பதிலாகக் கடற்கரைப் பஸ்பாலம் என்ற புல்லை வைக்கிறார்கள். உவர்த்தண்ணீரைத் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் நீரேரியின் சதுப்பையும் கண்டல்களையும் நிரவி எழுப்பும் எந்தத் திடலும் சுற்றியுள்ள ஊர்களின் வெள்ளத்தைக் கூட்டும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள் ஐயா, நான் வருகிறேன்.

செம்மண்தோட்டம்:
2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்த வாரம் எங்கள் தோட்டத்து வரம்பில் அறுகு தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு பச்சையாக நின்றது. வரம்பு மேடு, யாரும் மிதிக்கவில்லை. மாஸ்டர், மெய்வல்லுநர் போட்டியைக் கொஞ்சம் பிந்திப் போட முடியாதா? தை முதல் வாரத்தில் ஈர மண்ணில் ரோலர் உருட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவதுதான் நீங்கள் குத்தும் துளை எல்லாவற்றையும் திரும்ப அடைக்கப்போகிறது.

திடல்மாஸ்டர்:
திகதி வலய மட்டத்தில் வருகிறது, அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் ரோலரை நிறுத்துவது என் கையில் இருக்கிறது. ஓட்டப்பாதையை மட்டும் காய்ந்தபின் ஒருதரம் உருட்டுவோம், உட்பகுதிக்கு ரோலர் இல்லை. இல்லங்களின் கூடாரங்களை மைதானத்துக்குள் போடாமல் மதிலோரம் போடச்சொல்லி இல்லப் பொறுப்பாசிரியர்களிடம் பேசியாயிற்று. இருவர் ஒத்துக்கொண்டார்கள், மற்றவர்களிடம் திரும்பக் கேட்பேன்.

நாலு குழாய்ச் சட்டம் பட்டறையில் ஒட்டுக்குக் கொடுத்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை தெற்குக் கோல் வாசலில் தொடங்குகிறோம். வடக்குக் கோல் வாசலை இந்த வருடம் குத்தாமல் விட்டு, தையில் இரண்டு பக்கமும் மண் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஸ்காபரோ அண்ணை, துளையிட்டபின் எத்தனை நாள் கழித்துப் பிள்ளைகளை அந்த இடத்தில் இறக்கலாம்?

ஸ்காபரோவாசி:
மணல் நிரப்பித் துடைப்பத்தால் தேய்த்துவிட்டீர்கள் என்றால் மறுநாளே நடக்கலாம். ஓடி ஆடுவதற்கு, துளைகளுக்கு மேலே புதுக்கொடி குறுக்கே ஓடி மூடும்வரை விடுங்கள். வெயில் இருக்கும் இந்த மாதத்தில் அறுகுக்கு இரண்டு, மூன்று கிழமை போதும். அதனால் சனிக்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள். தெற்கு முடிந்து மணல் மிஞ்சினால் நடுவட்டத்துக்குப் போங்கள்.